பண்ணைக்குட்டை வெட்டும் முன் மூன்று வரைபடம் பாருங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பண்ணைக்குட்டை வெட்டவோ, ஆழ்துளைக் கிணறு அமைக்கவோ திட்டமிடுகிறீர்களா? பொக்லைனை அழைக்கும் முன் மூன்று வரைபடங்களைப் பாருங்கள்.

முதலாவது, இந்திய நில அளவைத் துறையின் நிலப்பரப்பு வரைபடம். இதில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 500 மீட்டர். பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரும். பச்சைமலை அடிவாரத்தில் அவை நெருக்கமாக இருக்கும்; அங்கு சரிவு அதிகம், மழைநீர் வேகமாக ஓடும். கிழக்கே போகப் போக இடைவெளி அகலும். பச்சைமலையில் தோன்றும் மருதையாறு கொள்ளிடம் நோக்கிச் செல்வதையும், உங்கள் ஊர் ஓடை எதில் சேர்கிறது என்பதையும் நீலக் கோடுகளில் காணலாம். வயலுக்குள் உள்ள சிறு சரிவு இதில் தெரியாது. அதை மட்டம் பார்த்தே அறிய வேண்டும்.

இரண்டாவது, கிராம வரைபடமும் புலப்படமும். புலப்படத்தைத் தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சர்வே எண் கொடுத்துப் பெறலாம். ஓடை, வாய்க்கால், ஏரி புறம்போக்கு எங்கே என்று பாருங்கள். அவற்றில் குட்டை வெட்டக் கூடாது. மேட்டில் ஒருவர் ஓடையை மறித்தால் கீழே ஊர் ஏரி நிரம்பாது. பெருமழையில் தண்ணீர் பயிருக்குள் புகும். கங்கைகொண்ட சோழபுரம் அருகே ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரியும் இதற்குப் பாடம். கரை இருந்தாலும் வரத்து வாய்க்கால் தூர்ந்தால் ஏரி வறண்டுபோகும்.

மூன்றாவது, புவியியல் ஆய்வுத் துறையின் பாறை வரைபடம். இப்பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு 1860 வாக்கில் இங்கே ஆய்வு செய்து, பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், அரியலூர் என நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். பெரம்பலூரின் மேற்கே கடினப்பாறை. அங்கு வெடிப்புகளில்தான் நீர் கிடைக்கும். காரை பகுதியில் ஜிப்சம் கலந்த களிமண். நீர் உவர்ப்பாக இருக்கலாம். எனவே அங்கு ஆழ்துளைக் கிணற்றை விட மழைநீரைச் சேமிக்கும் குட்டையே மேல். ஜெயங்கொண்டம் பக்கம் மணற்கல், செம்மண். முந்திரிக்கு ஏற்றது என்றாலும் குட்டையில் நீர் எளிதில் கசியும். கரையையும் அடித்தளத்தையும் களிமண்ணால் இறுக்குங்கள்.

வரைபடங்களுடன் வயலைச் சுற்றி நடந்து, பெருமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பிறகு புலப்பட நகலுடன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகுங்கள். மானியம், இடத் தேர்வு இரண்டுக்கும் அது உதவும்.