கைப்பேசி போதும், கோப்புதான் சரியாக வேண்டும்

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களில் பலர் தம் நூலைத் தம் கைப்பணத்தில் பதிப்பித்துக்கொள்பவர்கள். தமிழ்நாட்டில் அச்சாகிக் கப்பலேறி வரும் படிகள் வெளியீட்டு விழாவிலும் நண்பர் வட்டத்திலும் தீர்ந்துபோன பிறகு, அந்நூலைத் தேடும் வாசகருக்கு நூலக அடுக்கைத் தவிர வேறு போக்கிடம் அரிது. இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது தற்பதிப்பு மின்னூல், அதாவது பதிப்பகத்தின் துணையின்றி எழுத்தாளரே உருவாக்கி வெளியிடும் மின்வடிவ நூல். ஆனால் மின்னூல் என்றதுமே கிண்டில் போன்ற தனி வாசிப்புக் கருவி ஒன்றை வாங்கியாக வேண்டும் என்ற எண்ணம், குறிப்பாக மூத்த வாசகரிடம், இன்னும் வலுவாக இருக்கிறது. கிழக்கு-மேற்கு எம்ஆர்டி தடத்தின் கிழக்குக் கோடியான பாசிர் ரிஸில் ஏறி, 11ஆவது நிறுத்தமான பூகிஸில் மாறி லிட்டில் இந்தியாவுக்குப் போகும் ஒருவர் அந்தப் பயணத்திலேயே ஒரு சிறுகதையை நிதானமாகப் படித்துவிடலாம். அதற்கு வேண்டிய கருவி ஏற்கெனவே அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

தடை கருவியில் இல்லை, கோப்பின் வடிவத்தில் இருக்கிறது. தமிழில் பெரும்பாலான தற்பதிப்பாளர்கள் அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப் கோப்பையே மின்னூல் என்று வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பிடிஎஃப், பக்கத்தை அச்சில் உள்ளவாறே உறைய வைப்பதற்காக வகுக்கப்பட்டது. அச்சுக்கு அது அருமையான வடிவம், கைப்பேசிக்கு அன்று. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், கைப்பேசித் திரையின் அகலமோ ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் என்பதால், 12 புள்ளி அளவில் அமைந்த எழுத்து திரையில் 4 புள்ளியாகச் சுருங்குகிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கிறது. கண்புரை உள்ள ஒருவர் இரண்டு பக்கத்துக்கு மேல் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். இதற்கு மாறாக, 2007இல் பொதுத் தரமாக அறிவிக்கப்பட்ட இபப் என்னும் வடிவம், இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே குறிமொழியில் அமைந்த அத்தியாயங்களை ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது. அதில் வரிகள் திரையின் அகலத்துக்கேற்பத் தாமே மடங்குகின்றன, எழுத்தின் அளவையும் பின்னணி நிறத்தையும் வாசகர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், கண் தளர்ந்தவருக்குக் கைப்பேசியின் தமிழ்க் குரலே நூலைப் படித்துக் காட்டவும் செய்யும். பக்கங்களைப் படமெடுத்து ஒட்டிய பிடிஎஃபில் குரலுக்குப் படிக்க எழுத்தே இல்லை.

எழுத்துக் குறியீடு இதைவிட ஆழமான இடர். ஒருங்குறி என்பது உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே நிலையான எண்ணை வழங்கும் பொது ஏற்பாடு. அது பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தன. இதைத் தீர்க்கும் முயற்சியில் சிங்கப்பூருக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. இணையம் என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்தவராகப் போற்றப்படும் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1995இல் இந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கி வந்த இணையத்தளத்தில் தமிழ் இடம்பெற உழைத்தார். தமிழ்க் கணிமை வல்லுநர்களை ஒன்றுகூட்டிய தமிழ்நெட் 97 மாநாடும் சிங்கப்பூரில்தான் நடந்தது. அத்தகைய ஊரில் இன்றும் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அப்படியே மின்னூலாக்கி, திறப்பவருக்குப் பொருளற்ற குறிகளைக் காட்டுவது வருந்தத்தக்கது. பழைய குறியீட்டை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சரியான கோப்பு கிடைத்துவிட்டால் வாசகரின் வேலை எளிது. ஐஃபோனில் உள்ள புக்ஸ் செயலி இபப் கோப்பைத் தொட்டவுடன் திறக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசி பலவற்றில் இபப்புக்கென வாசிப்புச் செயலி ஏதும் இருக்காது என்பதால், கோப்பைத் தொட்டால் திறக்க இயலாது என்ற அறிவிப்பே வரும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கூகல் பிளே புக்ஸ் செயலியை நிறுவி, அதில் கோப்பைப் பதிவேற்றினால் அந்தச் சிக்கல் தீரும். வீட்டுக் கணினியின் உலாவியிலும் அதே நூல், விட்ட பக்கத்திலிருந்து விரியும். கோவித் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்னும் இலவச மென்பொருள், கணினியில் மின்னூலை வாசிக்கவும் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் உதவும். அமேசானில் விற்கும் நூல்களுக்கும் கிண்டில் கருவி கட்டாயமில்லை. 2016 டிசம்பரில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கிய அந்நிறுவனத்தின் இலவசச் செயலியே கைப்பேசியில் அவற்றைத் திறக்கும். எனினும் பூட்டிடப்பட்ட நூல் அந்நிறுவனத்தின் செயலிக்கும் கருவிக்கும் வெளியே வராது என்பதை வாங்குமுன் வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

நூல்களுக்கும் பஞ்சமில்லை. த. சீனிவாசனும் நண்பர்களும் 2013 முதல் நடத்திவரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பகிரலாம் என்பன போன்ற நிபந்தனைகளோடு வழங்கும் நூல்களை, இபப்பாகவும் சிறு திரைக்கென அமைத்த 6 அங்குல பிடிஎஃபாகவும் தருகிறது. கைப்பேசி வாசகரை மனத்தில் கொண்டு செய்த அந்த ஏற்பாடு பிறரும் பின்பற்றத்தக்கது. தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் லிபி செயலியில் தமிழ் மின்னூல்களைக் கட்டணமின்றி இரவல் பெறலாம். சிங்கப்பூர் தனிநாடானதன் பொன்விழாவையொட்டி 2015இல் தமிழ்ச் சமூகத்தினரும் வாரியமும் சேர்ந்து நிறைவேற்றிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கியது. கடையில் கிடைக்காத பல நூல்களுக்கு அது மறுவாழ்வு. டெலிகிராம் குழுக்களில் சுற்றும் திருட்டுப் பிடிஎஃபை இவற்றோடு சேர்த்து எண்ணலாகாது. தற்பதிப்பாளருக்கு ஒவ்வொரு விற்பனையும் அடுத்த நூலுக்கான முதல்.

பாசிர் ரிஸ் பொது நூலகம் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலேயே, ஒயிட் சாண்ட்ஸ் கடைத்தொகுதியில் இயங்குகிறது. 2020இல் தொடங்கிய சிங்கப்பூர் மின்னிலக்க அலுவலகத்தின் தூதர்கள் சமூக மன்றங்களிலும் இதுபோன்ற நூலகங்களிலும் மூத்தோருக்குக் கைப்பேசிப் பயன்பாட்டைக் கற்றுத்தருகிறார்கள். காணொளி அழைப்பும் கட்டணம் செலுத்துவதும் கற்கும் அதே வகுப்பில் ஒரு தமிழ் மின்னூலைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கவும் கற்றுத்தருமாறு வாசகர்கள் கேட்க வேண்டும். அடுத்த நூலை வெளியிடவிருக்கும் எழுத்தாளரிடமும் ஒரு வேண்டுகோள்: அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்பும் அன்றே, ஒருங்குறியில் அமைந்த இபப் கோப்பு ஒன்றையும் ஆயத்தம் செய்து, வீட்டில் உள்ள ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.