ஒரு வாக்கியம், ஒரு கட்டளை

ஒரு விமானத்தின் பராமரிப்புக் கையேட்டை ஒரே ஆள் எழுதுவதில்லை. என்ஜின் ஓரிடத்தில் உருவாகிறது, பிரேக் வேறிடத்தில். அவற்றுக்கான பக்கங்களைப் பல ஒப்பந்த நிறுவனங்கள் எழுதுகின்றன. சென்னையிலும் பெங்களூரிலும்கூட இந்த வேலை நடக்கிறது. ஆனால் கையேட்டைத் திறக்கும் மெக்கானிக்குக்கு எல்லாம் ஒரே கை எழுதியதுபோல இருக்க வேண்டும். கையேடு ஆங்கிலத்தில் இருக்கும்; மெக்கானிக்குகளில் பலருக்கு அது தாய்மொழி அல்ல.

1970களின் இறுதியில் ஐரோப்பிய விமான சேவை நிறுவனங்கள் இந்தச் சிக்கலை எழுப்பின. விமானத் தயாரிப்பாளர்கள் கூடி, ஆங்கிலத்தில் கையேடு எழுதுவதற்கான விதிகளைத் தொகுத்து 1986இல் வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பின் இன்றைய பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஇ100.

அதன்படி, செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. விளக்க வாக்கியத்துக்கு 25 வரை இடம் உண்டு. சேர்ந்து நடக்கும் செயல்கள் தவிர, ஒரு வாக்கியத்தில் ஒரே கட்டளை. பொதுச் சொற்களுக்குச் சுமார் 900 சொற்கள் கொண்ட அகராதி இருக்கிறது. அதில் ‘குளோஸ்’ என்றால் மூடுவது மட்டுமே. ‘அருகில்’ என்ற பொருளில் அதை எழுத முடியாது.

இந்தக் கண்டிப்பு உயிர் காக்கும். ‘அழுத்தம் குறைந்ததா என்று பார்த்த பின், வால்வைத் திறந்திருந்தால், குழாயைக் கழற்றவும்’ என்ற வாக்கியம் வரிசையைக் குழப்புகிறது. வால்வைத் திற. அழுத்தம் பூஜ்யமா என்று பார். குழாயைக் கழற்று. மூன்று படிகளாக எழுதினால் எதையும் தாண்டிப் போக முடியாது. ஒரு படியில் ஆபத்து இருந்தால், அதற்கான எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்பே வர வேண்டும்.

விதிகளை வெளியார் பின்பற்றுவதை எப்படி உறுதி செய்வது? சொற்களை எண்ணவும், அனுமதி இல்லாத சொல்லைக் காட்டவும் மென்பொருள் உண்டு. போயிங் தனக்கென்றே ஒன்றை உருவாக்கியது. ஆனால் வாக்கியம் விதிப்படி இருந்தும், சொல்லும் செய்தி தவறாக இருக்கலாம். அதைப் பிடிக்க, இயந்திரத்தை அறிந்த மனிதர் தேவை.

எனவே ஒப்பந்தத்தோடு நடைக் கையேட்டையும் கலைச்சொல் பட்டியலையும் கொடுத்துவிட வேண்டும். முதலில் ஒரு அத்தியாயத்தை மட்டும் எழுதி வாங்கித் திருத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திலும் விதி எண்ணைக் குறிக்க வேண்டும். ‘நடை பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் வரும். விதி எண்ணைக் காட்டினால் எழுதியவர் தானே சரிசெய்வார், அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பிழை குறையும். இதற்கான நாள்களையும் பணத்தையும் ஒப்பந்தத்திலேயே ஒதுக்க வேண்டும். விலையைக் குறைக்கத் திருத்தும் நேரத்தை வெட்டும் நிறுவனம், மெக்கானிக்கின் பாதுகாப்பைத்தான் வெட்டுகிறது.