இரட்டைப் புலவர்கள்

காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர்மீது பாடப்பெற்ற உலா நூல் ஒன்று உண்டு. இறைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் கண்டு காதல் கொள்வதாகப் பாடுவது உலா. செல்லுதலும் காணுதலுமே பொருளாக அமைந்த அந்நூலை யாத்தவர் இருவர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர்.

இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இவர்களை உலகம் இரட்டைப் புலவர் என்றே வழங்குகிறது. சோழநாட்டில் பிறந்த இவர்கள், சம்புவராயர் ஆண்ட 14ஆம் நூற்றாண்டினர் என்பர். பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிகூற, இருவரும் ஊர்தோறும் சென்றனர். இக்காட்சி எளிதில் இரக்கத்தைத் தூண்டும். அதனால்தானோ என்னவோ, இவர்களைப் பற்றிப் பேசுவோர் பலர் அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அவர்தம் புலமையை அறிய, அவர்கள் வெண்பாப் பாடிய முறையைக் காணவேண்டும்.

முன்னிரண்டு அடிகளை ஒருவர் பாடுவார்; பின்னிரண்டு அடிகளை மற்றவர் பாடி முடிப்பார். சொல்வதற்கு எளிது. ஆனால் வெண்பாவோ தளை பிறழ இடந்தராத யாப்பு. முன்னவர் விட்ட சீரின் ஓசையைச் செவியால் பற்றிக்கொண்டு, எதுகையும் பொருளும் இயைய, ஈற்றடியை முச்சீரில் முடித்தல் வேண்டும். ஏடும் எழுத்தாணியும் எடுக்க நேரமில்லை.

மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துவைத்த ஆடை நீரில் நழுவிப்போன நிகழ்ச்சியைத் தனிப்பாடல் மரபு கூறும். தப்புதல் என்பதற்கு அடித்துத் துவைத்தல், நழுவுதல் என இருபொருள் உண்டு. அச்சொல்லை இருபொருளிலும் வைத்து, அடி பொறாமல் ஆடை ஓடிற்று என்று ஒருவர் நகையாடினார். கலிங்கம் என்பது ஆடையின் பெயர். அது போனாலும் சொக்கலிங்கம் துணையிருக்கிறதே என்று மற்றவர் பாட்டை முடித்தார். மாற்றுடை இல்லாத வறுமை இங்கே புலம்பலாகவில்லை, சொல் விளையாட்டாயிற்று.

தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் இவர்கள் இயற்றியவையே. கலம்பகம் பாடுவதில் இவர்களே வல்லவர் எனப் பழம்பாடல் ஒன்று போற்றும்.

வெண்பாக்களிலேனும் முற்பாதி, பிற்பாதி என்று பிரித்துக் காட்ட மரபு துணைசெய்கிறது. ஏகாம்பரநாதர் உலாவின் கண்ணிகளில் எது பார்வையற்றவர் வாக்கு, எது மற்றவர் வாக்கு என்று வேறுபடுத்த நூலுள் எந்த அடையாளமும் இல்லை.