சில அமர்வுப் பேச்சு குடியைக் குறைப்பது எப்படி?

குடிப்பவரை "விட்டுவிடு" என்று வற்புறுத்தினால், அவர் ஏன் குடிக்கு ஆதரவாகவே வாதாடுகிறார்? குடிப்பதற்கும் விடுவதற்குமான காரணங்கள் அவர் மனத்தில் எதிரெதிரே நிற்க, பிறர் ஒரு பக்கம் சேர்ந்ததும், இழுக்க இழுக்கக் காலூன்றும் மாட்டைப் போல, அவர் மறுபக்கத்தைப் பற்றிக்கொள்கிறார்.

ஆகவே, 1983-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் விளக்கிய ஊக்க நேர்காணல் முறையில், ஆலோசகர் அறிவுரையைத் தவிர்த்து, "குடியால் உங்களுக்கு எது கவலை தருகிறது?" என்று கேட்டு, மாறுவதற்கான காரணங்களை நோயாளியின் வாயாலேயே வரவழைக்கிறார். தாமே சொன்ன காரணத்தை ஒருவர் எளிதில் மறுப்பதில்லை.

இவ்வணுகுமுறையைத் தழுவி கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அதிகபட்சம் 4 அமர்வுகளே பேசியும், 3 மாதங்களில் மீண்டோர் 36 விழுக்காடு. சற்றே மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 26. சென்னை கோபாலபுரத்துக் கிளினிக்குகளும் இதைத் தயங்காமல் மேற்கொள்ளலாம். ஆனால், குடிக்காவிட்டால் கை நடுங்கும் அளவுக்கு அடிமையானவருக்கு, 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் சென்னை இந்திரா நகர் மருத்துவமனை போன்ற இடங்களில் முறையான சிகிச்சையும் தேவை.