'செம மச்சி' மட்டும் போதுமா? குறும்படத்தைக் காப்பாற்றும் முதல் பார்வையாளர்கள்!

கல்லூரி ஹாஸ்டல் அறை. லேப்டாப்பைச் சுற்றி ஐந்தாறு தலைகள். விஸ்காம் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக எடுத்த எட்டு நிமிடக் குறும்படம் ஓடி முடிகிறது. "செம மச்சி", "பின்னிட்டடா" என்று தோளில் தட்டுகிறார்கள். அதே நம்பிக்கையோடு வீட்டில் போட்டுக் காட்டினால், இரண்டாவது நிமிடத்திலேயே அம்மா கேட்கிறார்: "ஏம்ப்பா, அந்தப் பையன் இவளுக்கு அண்ணனா, ஃப்ரெண்டா?"

விஸ்காம் படிக்கும் பலருக்கும் பழகிய காட்சிதான் இது. நண்பர்களுக்குக் கதை முன்பே தெரியும்; சிலர் அதில் நடித்தே இருப்பார்கள். அம்மாவுக்குத் தெரிவது திரையில் இருப்பது மட்டும்தான். வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளரும், யூடியூபில் பார்க்கப்போகும் முகம் தெரியாதவரும் அம்மா கட்சிதான்!

நீச்சல் குளத்தில் ஒரு கடல்

பெரிய இயக்குநர்களும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். 1975-ல் 'ஜாஸ்' படம் வெளியாகும் முன், அமெரிக்காவின் டாலஸ் நகரில் பொதுமக்களுக்குத் திரையிட்டுப் பார்த்தார்கள். இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு அப்போது வயது 28. அரங்கம் எங்கெல்லாம் அலறுகிறது என்று கவனித்த அவர், இன்னும் ஓர் அலறல் வேண்டும் என முடிவுசெய்தார். மூழ்கிய படகிலிருந்து ஒரு பிணத்தின் தலை வெளிப்படும் காட்சி, எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில் மறுபடி எடுக்கப்பட்டது. கடல்போலக் கலங்கித் தெரிய, தண்ணீரில் பால் பவுடரைக் கொட்டினார்கள். இன்றும் பார்ப்பவர்களைத் தூக்கிவாரிப்போட வைக்கிறது அந்தக் காட்சி.

பில்லி வைல்டரின் 'சன்செட் பொலிவார்ட்' (1950) கதை வேறு. பிணவறையில் பிணங்கள் பேசிக்கொள்வதாகத்தான் படம் முதலில் தொடங்கியது. சோதனைத் திரையிடலில் ரசிகர்கள் சிரித்துவிட்டார்கள். வைல்டர் அந்தக் காட்சியைத் தூக்கினார். ஆனால், இறந்தவனே கதை சொல்லும் யோசனையைக் கைவிடவில்லை. நீச்சல் குளத்தில் மிதக்கும் உடலோடு படத்தைத் தொடங்கினார். எதை மாற்ற வேண்டும் என்பதை ரசிகர்கள் காட்டினார்கள். எப்படி மாற்றுவது என்பதை அவர்தான் முடிவுசெய்தார்.

எப்படிக் காட்டுவது?

* படம் முழுதாக முடியும்வரை காத்திருக்க வேண்டாம். திருத்த நேரம் இருக்கும்போதே ரஃப் கட்டைக் காட்டுங்கள்.

* கதை தெரியாத ஐந்து பேர் போதும். முன்கூட்டியே எதையும் விளக்காதீர்கள்.

* நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள்; முகங்களைப் பாருங்கள். கை போனை நோக்கிப் போகும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "கதையை ரெண்டு வரியில சொல்லுங்க", "எந்த வசனம் கேட்கலை?", "எங்கே போரடிச்சது?" என்று கேளுங்கள். எடிட்டிங்கில் நூறு முறை கேட்ட வசனம் உங்கள் காதுக்குத் தெளிவாகத்தான் இருக்கும்; புதியவர் காதுக்கு அது வெறும் முணுமுணுப்பாக இருக்கலாம்.

* தூரத்தில் இருப்பவர்களுக்கு, யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றி லிங்க் அனுப்பலாம்.

எதை ஏற்பது, எதை விடுவது?

ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் ரசனையாக இருக்கலாம். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால், கோளாறு படத்தில்தான். ஆனால், அவர்கள் சொல்லும் வைத்தியத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. "இங்கே ஒரு பாட்டு வைடா" என்றால், அந்த இடம் இழுக்கிறது என்று பொருள். பாட்டு வைப்பதைவிட, அரை நிமிடத்தை வெட்டினாலே சரியாகிவிடலாம்.

அம்மாவின் கேள்விக்கும் நீண்ட விளக்க வசனம் தேவையில்லை. முதல் காட்சியில் அவள் ஒருமுறை "அண்ணா" என்று கூப்பிட்டால் போதும்.

திருத்திய படத்தை மறுபடி அம்மாவிடம் மட்டும் காட்டிப் பயனில்லை. இப்போது அவருக்கும் கதை தெரியும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். இரண்டாவது நிமிடத்தில் அவர் எதுவும் கேட்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், திருத்தம் பலித்துவிட்டது!