வயிறு நிறைந்தால் போதுமா?

ஒரு தட்டுச் சோறு, அதன்மேல் ரசம், தொட்டுக்கொள்ள ஊறுகாய். பசி அடங்கிவிடும். ஆனால் உடலுக்கு வேண்டியது கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

நம் உடலுக்கு மிகுதியான அளவில் தேவைப்படும் சத்துகள் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றுமாம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்போ 9 கலோரி தருகிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஏற்கவும் கொழுப்பு வேண்டும். ஆகவே கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளிப்பதை வீண்செலவு என்று எண்ணாதீர்கள்.

புரதத்தின் கதை தனி. அது 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் 9 வகைகளை உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லியும் வெண்பொங்கலும் இப்படி அமைந்தவையே. வேதியியல் படிக்காத நம் பாட்டிமார் எவ்வாறு கண்டறிந்தனரோ!

ஆப்பிரிக்காவில் அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1933-ஆம் ஆண்டு ஒரு நோயைப் பற்றி எழுதினார். தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, மக்காச்சோளக் கூழையே உண்டு வளர்ந்த குழந்தைகளுக்குக் கைகால் வீங்கித் தோல் உரிந்தது. வீக்கத்தினால் அவர்களின் மெலிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வருவது என்னும் பொருளில் அவ்வூரார் இதனைக் குவாஷியோர்க்கர் என்றனர். புரதக் குறைவு ஒன்றே காரணம் அன்று என இன்றைய மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆயினும் வயிறு நிறைய உண்பதும் சத்துடன் உண்பதும் ஒன்றல்ல என்பதை அக்குழந்தைகள் உலகுக்குக் காட்டினர்.

தோழியரே, இன்னொரு செய்தி. எரிபொருள் போதாதபோது உடல் புரதத்தையே எடுத்து எரித்துவிடும். தசை வளரவும் இரத்தம் ஊறவும் வேண்டியது அடுப்பு விறகாகிவிடுகிறது! மெலிய வேண்டும் என்று காலை, பகல் இருவேளையும் பட்டினி கிடக்கும் பெண்கள் இதை அறிவார்களா? பல வீடுகளில் எல்லாரும் உண்டபின் அம்மா உட்காரும்போது பருப்பும் கூட்டும் தீர்ந்து, ரசமே மிஞ்சியிருக்கும். அன்று அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மாவுச்சத்துதான்.

இதற்கு விலையுயர்ந்த டப்பா மாவுகள் தேவையில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவே உண்டு. அவித்தாலும் வறுத்தாலும் சரி.