கடலூர்க் கடலில் சுஃப்ரேன்

எங்கள் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கடல் இல்லை. ஆயினும், வட எல்லையில் ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலோடு கலக்கிறது. அந்த ஆற்று முகத்தில், 1782ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று நங்கூரம் பாய்ச்சியது. ஆங்கிலேயரோடு போரிட்டுவந்த ஐதர் அலிக்குத் துணையாகப் படைவீரர்களைக் கரையிறக்கியது. அக்கப்பற்படையின் தலைவர் பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன்.

பிரான்சின் தென்பகுதியான புரோவான்சில், 1729இல், உயர்குடி ஒன்றில் பிறந்தவர் இவர். பதினான்காம் வயதிலேயே கடற்படையிற் சேர்ந்தார். மால்டாத் தீவின் வீரத்துறவியர் சங்கத்திலும் தொண்டாற்றினார். 1747இலும் 1759இலும் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். குலப்பெருமை பதவிக்கு வழிகோலலாம், கடலறிவைத் தருவதில்லை. அவ்வறிவை அவர் தோல்விகளிலிருந்தே கற்றார்.

மாணவர்களே, சோழமண்டலக் கரையின் இயல்பை நீங்கள் அறிதல் வேண்டும். அக்காலத்தில் போர்க்கப்பல்கள் ஒதுங்கத்தக்க துறைமுகம் இங்கே இல்லை. ஆழமின்மையால் கப்பல்கள் தொலைவிலேயே நிற்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தால் அங்கும் நிற்க இயலாது. ஆங்கிலேயர் பம்பாய்க்குச் சென்று கப்பல்களைச் செப்பனிடுவர். பிரெஞ்சுக்காரர்களுக்கோ மொரீசியசுத் தீவே புகலிடம். அத்துணைத் தொலைவு போய்விட்டால் கடல் பகைவர் வசமாகும்.

ஆகவே, சுஃப்ரேன் இக்கரையை விட்டு நெடுந்தொலைவு அகல மறுத்தார். சிறு கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் நாட்டினார். 1782 ஆகஸ்டு 31இல் திருகோணமலையைக் கைப்பற்றினார். அந்த ஆண்டின் மழைக்காலத்தைச் சுமத்திராவின் அச்சேயிற் கழித்து மீண்டார். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை முதலிய இடங்களுக்கு அப்பால் ஆங்கிலத் தளபதி ஹ்யூஸோடு பொருதார். கப்பல் தலைவர்கள் சிலர் அவர் ஆணைக்கு இணங்கவில்லை; அதனால் முழுவெற்றி கைகூடவில்லை.

ஐந்தாம் போர், 1783 ஜூன் 20இல், கடலூருக்கெதிரே நிகழ்ந்தது. நிலப்பக்கம் ஆங்கிலப் படை நகரை முற்றுகையிட்டிருந்தது. சுஃப்ரேனிடம் 15 பெருங்கப்பல்கள், ஹ்யூஸிடம் 18. அந்தி வரை பீரங்கிகள் முழங்கின. ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்பினார். கடலூர் பிரெஞ்சுக்காரர் கையிலேயே நின்றது.

ஆனால், சில நாட்களிலேயே ஒரு செய்தி வந்தது. ஆங்கில, பிரெஞ்சு அரசுகள் ஜனவரி 20ஆம் நாளே சமாதான உடன்படிக்கையிற் கையொப்பமிட்டுவிட்டன! அச்செய்தி கடல்கடந்து வர ஐந்து திங்கள் ஆயிற்று. அதற்குள் இரு தரப்பிலும் ஏறத்தாழ இருநூறு மாலுமிகள் இக்கடலில் மாண்டிருந்தனர்.

தாயகம் திரும்பிய சுஃப்ரேனுக்கெனவே துணைக் கடற்படைத்தலைவர் பதவியொன்று புதிதாக உருவாக்கப்பட்டது. 1788இல் பாரிசில் காலமானார். அவருடைய ஊக்கத்தை நாம் போற்றலாம். அதே வேளையில், சமாதானம் பிறந்த பின்னும் மடிந்த அந்தப் பெயரறியா மாலுமிகளையும் நினைத்தல் வேண்டும். மன்னர்களின் பகையில் அவர்களுக்குப் பங்கில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்களே.